பாண்டி ஆடும் வயசு

தர்மபுரி மாவட்டத்தில் எலும்பைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அது தண்ணீரில்தான் போய் முடியும். காரணம் இருக்கிறது. பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளூரைடு, இங்கே பல ஊர்களின் ஆழ்துளைக் கிணறுகளில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியது. பல்லில் பழுப்புக் கறை, மடங்க மறுக்கும் முட்டி, நிமிர மறுக்கும் முதுகு என்று அதன் தடயங்களை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாய் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே இதற்காகத்தான்.

தண்ணீரைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் பிள்ளைகளின் எலும்பு குடிப்பதாலும் தின்பதாலும் மட்டும் உறுதியாவதில்லை. குதிக்கவும் வேண்டும். அந்தப் பேச்சு மட்டும் ஏனோ எழுவதே இல்லை.

எலும்புக்குள் ஆஸ்டியோசைட் என்ற செல்கள் வாழ்கின்றன. மயிரிழையைவிடச் சன்னமான கால்வாய்கள் அவற்றை இணைக்கின்றன. பிள்ளை குதித்துத் தரையில் காலை ஊன்றும் கணத்தில் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. கால்வாய்க்குள் இருக்கும் திரவம் நகர்கிறது. அதை உணரும் செல்கள் அந்த இடத்தில் சுமை கூடுகிறது என்று தகவல் கொடுக்க, அங்கே புது எலும்பு படிகிறது. ஆனால் இந்தச் செல்களுக்குச் சலிப்பு சீக்கிரம் வந்துவிடும். கோயில் பூனை தேவருக்கு அஞ்சாது என்பார்களே, அந்தக் கதைதான். ஒரே தாளத்தில் வரும் சுமையை அவை சட்டை செய்யா. சுமை வேகமாக, விட்டு விட்டு, திசை மாறி வர வேண்டும்.

இப்போது பாண்டி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒற்றைக் காலில் நொண்டி, கோட்டை மிதிக்காமல் கட்டம் தாண்டி, சில்லைத் தள்ளி, நின்று, திரும்பி, மறுபடி தாவ வேண்டும். உடல் எடை முழுவதும் ஒரு காலில் இறங்குகிறது. எலும்புக்கென்றே ஒரு விளையாட்டை உருவாக்கிக் கொடு என்று விஞ்ஞானியிடம் கேட்டால் இதைவிட நல்லதைக் கொடுப்பாரா என்பது சந்தேகம். பச்சைக்குதிரை, ஸ்கிப்பிங், கோ-கோ, கபடி எல்லாம் இதே சாதிதான்.

ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிள் அப்படியல்ல. ஏரியூரிலோ பாப்பிரெட்டிப்பட்டியிலோ மேடேறிப் பள்ளிக்கு மிதிக்கும் பிள்ளைக்கு இதயமும் நுரையீரலும் பலப்படும். படிப்பு நிற்காமலிருக்க அது செய்த உதவியும் பெரிது. ஆனால் உடல் எடையை சீட் வாங்கிக்கொள்வதால் எலும்புக்குப் பெரிதாக ஒன்றும் சேராது. நீச்சலும் அப்படியே.

எவ்வளவு குதிக்க வேண்டும்? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஃபுக்ஸ், பாவர், ஸ்னோ ஆகிய மூவர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு முதல் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை 61 சென்டிமீட்டர் உயரப் பெட்டியிலிருந்து குதிக்க வைத்தார்கள். ஒரு தடவைக்கு நூறு குதி, வாரம் மூன்று நாள், ஏழு மாதம். அவ்வளவுதான். குதிக்காமல் வேறு பயிற்சி செய்த பிள்ளைகளைவிட இவர்களின் தொடை எலும்புக் கழுத்தில் தாதுச்சத்து 4.5 சதவீதம் கூடியிருந்தது. வயதான காலத்தில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் முறிகிற இடம் அதுதான்.

எந்த வயதில் என்பது இதைவிட முக்கியம். கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தார் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்தார்கள். எலும்பில் தாது சேரும் வேகம் பெண்களுக்குப் பன்னிரண்டரை வயதை ஒட்டியும், ஆண்களுக்குப் பதினான்கை ஒட்டியும் உச்சத்தைத் தொட்டது. அந்த உச்சத்தைச் சுற்றிய இரண்டே ஆண்டுகளில், பெரியவரானபின் உடம்பில் இருக்கப்போகும் எலும்புத் தாதுவில் கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. ஃபின்லாந்தில் டென்னிஸ், ஸ்குவாஷ் வீராங்கனைகளின் இரு கைகளையும் ஒப்பிட்ட 1995ஆம் ஆண்டு ஆய்வும் இதையே காட்டியது. பூப்பெய்துவதற்கு முன்போ அந்தச் சமயத்திலோ ஆடத் தொடங்கியவர்களுக்கு, மட்டை பிடித்த கையில் கிடைத்த லாபம் பிந்தித் தொடங்கியவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

நம் ஊரில் பன்னிரண்டரை வயது என்றால் ஏழாம் வகுப்பு. "வயசுக்கு வந்த பொண்ணு, இனிமே என்ன குதியாட்டம்?" என்று வீட்டில் குரல் எழும் சமயம். பையனுக்குப் பதினான்கு என்றால் ஒன்பதாம் வகுப்பு, பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கத் தொடங்கும் சமயம், அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. எலும்பு வாசலைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் அதே இரண்டு வருடத்தில் நாம் பிள்ளையை உட்கார வைக்கிறோம். தர்மபுரி மட்டும் இப்படி என்று சொல்லவில்லை. 146 நாடுகளின் தகவலைத் திரட்டி 2019இல் லான்செட் குழும இதழில் வெளியான ஆய்வின்படி, 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு, நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேர உடலுழைப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவு எட்டவில்லை. பெண் பிள்ளைகள் இன்னும் பின்தங்கியிருந்தார்கள்.

மார்க் குறையுமே என்ற பயம் வீட்டிலும் பள்ளியிலும் உண்டு. ஸ்வீடனில் மால்மோ நகரத்து புன்கெஃப்லோ பகுதிப் பள்ளியில் 1999 முதல் உடற்கல்வியை வாரம் 60 நிமிடத்திலிருந்து 200 நிமிடமாக்கினார்கள். எலும்பு பலப்பட்டது. ஒன்பதாம் வகுப்பு முடித்து மேல்நிலைக்குத் தகுதி பெற்ற பையன்களின் விகிதமும் கூடியது. பெண்களுக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்த மாவட்டத்துக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, குதிப்பதால் ஃபுளூரைடு பாதிப்பு குணமாகாது. ஃபுளூரைடு எலும்பின் படிகத்துக்குள்ளேயே புகுந்து, அடர்த்தியைக் கூட்டினாலும் அதை நொறுங்கக்கூடியதாக்கும். மூட்டு வலியோ கால் வளைவோ உள்ள பிள்ளையை டாக்டரிடம் காட்டிய பிறகே குதிக்கவிட வேண்டும். இரண்டு, படிய வேண்டிய கால்சியம் வயிற்றுக்குப் போக வேண்டும். பதின்மூன்று வயதுக்கு மேல் தினம் சுமார் 1,000 மில்லிகிராம் தேவை. நூறு கிராம் கேழ்வரகில் 350 வரை இருக்கிறது. கால்சியம் குறைந்த உடம்பில் ஃபுளூரைடின் கேடும் அதிகம். களியைக் கண்டு முகம் சுளிக்கும் பிள்ளைக்கு அதையே அடையாகவோ புட்டாகவோ கொடுக்கலாம்.

பள்ளிக்கு மைதானம் இல்லை, பந்து இல்லை என்ற சாக்கு இதில் செல்லாது. எலிகளில் செய்த சோதனைகளில், ஒரே மூச்சில் கொடுத்த சுமையைவிட அதையே சில மணி நேர இடைவெளியில் பிரித்துக் கொடுத்தபோது எலும்பு அதிகம் வளர்ந்தது. இடைவேளையில் அந்தச் செல்களின் சலிப்பு தீர்ந்துவிடுகிறது. அதனால் காலை பிரேயர் முடிந்ததும் ஐந்து நிமிடம், சாயங்காலம் மணி அடிப்பதற்கு முன் ஐந்து நிமிடம், இருந்த இடத்திலேயே குதிக்கவிட்டாலும் அது கணக்கில் சேரும். பாவாடை தாவணியோ சுடிதாரோ, பெண் பிள்ளைகளை ஓரமாக நிற்கச் சொல்லாமல் இருந்தால் போதும்.