அபூர்வ நோயை அடையாளம் காணுதல்: புனே தரும் பாடம்

ஒரு நோய் அபூர்வமானது என்று கேள்விப்பட்டதும், அதைப் பற்றி அறிந்து வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை என்ற எண்ணம் எளிதில் உண்டாகிறது. அபூர்வ நோய்க்கு ஆளானவர்கள் படும் துன்பம் இருவகைப்பட்டது. ஒன்று நோயினால் வருவது. மற்றொன்று, அந்நோயை அறிந்தவர் அருகில் இல்லாமையால் வருவது. இரண்டாவது துன்பத்தைக் களைய விலையுயர்ந்த மருந்து எதுவும் தேவையில்லை. மக்களிடையே சரியான அறிவு பரவினால் போதும். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மகாராஷ்டிர மாநிலத்தின் புனே நகரில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும்.

புனேயில் நிகழ்ந்தது

அவ்வாண்டு ஜனவரி மாதத்தில், சிம்ஹகட் சாலைப் பகுதியிலும் அதனை அடுத்த நாந்தேட், கிர்கட்வாடி முதலிய இடங்களிலும் இருந்து, கை கால்கள் திடீரெனத் தளர்ந்த நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராக மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் பலர் சில நாட்களுக்கு முன் வயிற்றுப்போக்கால் வருந்தியவர்கள். மருத்துவர்கள் இதனைக் கில்லன்-பாரே நோய் எனக் கண்டனர். சாதாரணமாக ஓராண்டில் ஒரு லட்சம் மக்களுள் ஒருவருக்கோ இருவருக்கோ மட்டுமே வரக்கூடிய இந்நோய், சில வாரங்களுக்குள் 200க்கு மேற்பட்டோரைத் தாக்கியதாகக் கருதப்பட்டது. அவர்களுள் 10க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

புனேயில் 1952ஆம் ஆண்டில் வைரஸ் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கப்பெற்று, இப்போது தேசிய வைராலஜி நிறுவனம் என வழங்கும் ஆராய்ச்சிக்கூடம் நோயாளிகளின் மலத்தைப் பரிசோதித்தது. சிலரிடம் காம்பிலோபாக்டர் ஜெஜூனி என்னும் பாக்டீரியாவும், வேறு சிலரிடம் நோரோ வைரசும் காணப்பட்டன. அப்பகுதியின் குடிநீரே சந்தேகத்துக்கு உள்ளாயிற்று. மத்திய அரசு நிபுணர் குழு ஒன்றை அனுப்பியது. மாநகராட்சி ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று நோய்க்குறி உடையோரைத் தேடினர். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்குமாறு அறிவுறுத்தினர்.

நோயின் இயல்பு

1916ஆம் ஆண்டில் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்னும் பிரெஞ்சு மருத்துவர் மூவர், இரண்டு போர்வீரர்களிடம் கண்ட இந்நோயை விவரித்து எழுதினர். உடலுள் புகும் கிருமிகளை எதிர்ப்பதற்கு இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. காம்பிலோபாக்டர் கிருமியின் மேலுறையில் உள்ள ஒரு பொருள், மனித நரம்பில் உள்ள ஒரு கொழுப்புப் பொருளை அமைப்பில் ஒத்திருக்கிறது. ஆகவே கிருமியை அழிக்கத் தோன்றிய எதிர்ப்பொருள் சிலரிடம் நரம்பையும் பகையெனக் கொண்டு தாக்கிவிடுகிறது. மின்சாரக் கம்பியின் மேலுறை சிதைந்தால் மின்னோட்டம் தடைப்படுவதுபோல, நரம்பின் உறையோ நரம்பிழையோ சிதைவதால் மூளையின் கட்டளை தசைகளைச் சென்றடைவதில்லை.

இக்கிருமியால் வயிற்றுப்போக்கு வந்தோர் அனைவருக்கும் இந்நோய் வருவதில்லை. ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவருக்கே வருகிறது. சளிக்காய்ச்சல் போன்ற வேறு தொற்றுகளுக்குப் பின்னும் இது தோன்றுவதுண்டு.

கவனிக்கத்தக்க குறிகள்

தொற்று நேர்ந்த ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள், கால்விரல்களில் மரமரப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சியும் தோன்றும். பின்னர் இரு கால்களும் வலுவிழக்கும். படி ஏறுதல், குந்தியிருந்து எழுதல் ஆகியன கடினமாகும். தளர்ச்சி மேல்நோக்கிப் பரவிக் கைகளையும் முகத்தையும் எட்டும். பேச்சுக் குழறுதல், விழுங்க இயலாமை, மூச்சுத் திணறல் ஆகியவை அபாயக் குறிகள். நூறு நோயாளிகளுள் 20 முதல் 30 பேருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படும். ஆதலால், "களைப்பாக இருக்கும், இரண்டு நாள் பார்ப்போம்" என்று காலந்தாழ்த்துவது உயிருக்கே ஆபத்தாகும்.

நோயாளி பதினைந்து வயதுக்கு உட்பட்டவராயின் களப்பணியாளருக்கு ஒரு தெளிவான வழி உண்டு. இந்தியா போலியோ அற்ற நாடு என்று 2014 மார்ச்சில் சான்று பெற்ற பின்னரும், குழந்தைகளிடம் திடீரெனத் தோன்றும் தளர்வாதத்தைக் கண்காணிக்கும் ஏற்பாடு தொடர்ந்து நடைபெறுகிறது. இத்தகைய குழந்தையைக் கண்டவுடன் சுகாதார அதிகாரிக்குத் தெரிவித்தல் வேண்டும். தளர்ச்சி கண்ட 14 நாட்களுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இருமுறை மலம் சேகரிக்கப்படும். ஆனால் வயது வந்தோருக்கு இத்தகைய விரிந்த ஏற்பாடு இல்லை. அவர்களைப் பொறுத்தவரை, அருகில் உள்ளோரின் விழிப்பே முதற் காவலாகும்.

சிகிச்சையும் செலவும்

இரத்தத்திலிருந்து பிளாஸ்மா நீரைப் பிரித்து மாற்றுதல், இம்யூனோகுளோபுலின் மருந்தை ஐந்து நாட்கள் இரத்தக்குழாய் வழியே செலுத்துதல் ஆகிய இரு முறைகள் பயனளிக்கின்றன. தளர்ச்சி தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள் மருந்து செலுத்தப்பெறுவது நலம். மருந்தின் விலையோ சாதாரணக் குடும்பத்தின் சக்திக்கு மிஞ்சியது. புனேயில் நோய் பரவியபோது கமலா நேரு மருத்துவமனை, சாசூன் மருத்துவமனை முதலிய பொது மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. பலர் ஒரே சமயத்தில் நோயுற்றதால் ஊராரும் அரசும் விரைந்து கவனித்தனர். தொலைவான ஒரு கிராமத்தில் தனியே நோயுறும் ஒருவருக்கும் அதே உதவி கிடைக்க வேண்டுமானால், அவர் நிலையை எடுத்துரைப்பவர் ஒருவர் அங்கே இருத்தல் அவசியம்.

ஆறு மாதங்களுக்குள் நூற்றில் ஏறத்தாழ 80 பேர் துணையின்றி நடக்கும் நிலையை அடைகின்றனர். ஆயினும் களைப்பும் வலுக்குறைவும் நெடுநாள் நீடிக்கக்கூடும். அதுவரை உடற்பயிற்சிச் சிகிச்சையும், தொழிலில் இலகுவான வேலையும், குடும்பத்துக்கு வருவாய்த் துணையும் வேண்டியிருக்கும். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. ஆகவே நோயாளியின் வீட்டை ஒதுக்குவதற்கோ, குணமான பிள்ளையைத் தனி இருக்கையில் அமர்த்துவதற்கோ காரணமில்லை. இதனை ஆசிரியர் வகுப்பில் ஒருமுறை விளக்கினால், அச்செய்தி பிள்ளைகள் வழியே ஊரெங்கும் சென்றடையும்.

தடுக்கும் வழிகள்

குடிநீரைக் கொதிக்கவைத்தலும், கோழி இறைச்சியை நன்கு வேகவைத்தலும், மலங்கழித்த பின்பும் உண்பதற்கு முன்பும் சோப்பினால் கைகழுவுதலும் காம்பிலோபாக்டர் தொற்றைத் தடுக்கும். தெளிந்த கிணற்றுநீர் 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் சுமார் 2.5 கிராம் தேவைப்படும். ஒரு மணி நேரத்துக்குப் பின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா எனச் சோதித்தறிதல் வேண்டும். பவுடரைப் போட்டதோடு வேலை முடிந்துவிடுவதில்லை.

மற்ற அபூர்வ நோய்கள்

அபூர்வ நோய்களுள் பெரும்பாலானவை பிறவியிலேயே அமைந்து, வாழ்நாள் முழுவதும் தொடர்பவை. இவற்றுக்கெனத் தேசியக் கொள்கை ஒன்று 2021ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன்படி சிறப்பு மையங்கள் ஏற்படுத்தப்பட்டுள்ளன. மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையும், சென்னை எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனையும் அவற்றுள் அடங்கும். கொள்கையில் குறிப்பிட்ட நோய்களுக்கு இம்மையங்களின் வாயிலாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற 2022ஆம் ஆண்டில் வழி செய்யப்பட்டது. பிப்ரவரி மாதத்தின் கடைசி நாள், 2008ஆம் ஆண்டு முதல் அபூர்வ நோய் தினமாகப் பல நாடுகளில் அனுசரிக்கப்படுகிறது.

லட்சத்தில் ஒருவர் என்ற விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டாலும், 140 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் இந்நாட்டில் ஆண்டுதோறும் 14,000 பேருக்குக் குறையாமல் கில்லன்-பாரே நோய்க்கு ஆளாதல் கூடும். அவர்களுள் பெரும்பாலோரை முதலில் காண்பவர் நிபுணர் அல்லர். கிராம சுகாதார ஊழியரோ, "கால் மரத்துப்போகிறது" என்று பிள்ளை முறையிடக் கேட்கும் ஆசிரியரோதான். அன்றைய தினமே அப்பிள்ளை மருத்துவமனைக்குச் செல்லுமாறு செய்வது அவர்கள் கையில் உள்ளது.