அண்ணன் கொடுத்த கிடார்

உழைப்பின் பாட்டு: பகுதி 11

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் வளர்ந்தவர்களுக்குத் தூசியைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சயனைடு மண்மேட்டிலிருந்து காற்றில் வந்து சோற்றுத் தட்டில் விழுந்த தூசி ஒன்று. பாறையைத் துளைத்தவர்களின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்து சிலிகோசிஸ் ஆன தூசி இன்னொன்று. அதனால், அமெரிக்க ப்ளூஸ் கிடார் கலைஞர்களான ஜிம்மி வான், ஸ்டீவி ரே வான் சகோதரர்களைப் பற்றிய ‘பிரதர்ஸ் இன் ப்ளூஸ்’ ஆவணப்படத்தைப் பற்றி எழுத உட்காரும்போது, அவர்களுடைய அப்பாவிடமிருந்துதான் தொடங்கத் தோன்றுகிறது. அவர் கல்நார் தொழிலாளி. வேலை கிடைத்த ஊருக்கெல்லாம் பெண்டாட்டி பிள்ளைகளோடு அலைந்தவர். டெக்சாஸின் டல்லாஸ் நகரில் ஓக் கிளிஃப் என்னும் பகுதியில், ஒரு சின்ன வீட்டில் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

கர்பி வார்னாக் இயக்கி 2023இல் வெளிவந்த படம் இது. ஜிம்மி 1951இல் பிறந்தவர், ஸ்டீவி 1954இல். பள்ளியில் ஃபுட்பால் ஆடி, கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து வீட்டில் முடங்கிக் கிடந்த ஜிம்மியின் கைக்கு ஒரு கிடார் வந்து சேர்ந்தது. தொடக்கூடாது என்று தம்பிக்குக் கட்டளை. அண்ணன் வாசலைத் தாண்டியதும் தம்பி அதை எடுத்துவிடுவான். நம் வீடுகளில் அண்ணன் சட்டை தம்பிக்கு வருவதுபோல, பிறகு அந்த வீட்டில் கிடார்களும் இறங்கி வந்தன. அப்படி வந்த ஒரு பழைய ஃபெண்டர் கிடாரின் பின்பலகையில் ஜிம்மி தன் செல்லப்பெயரைச் செதுக்கி வைத்திருந்தார்: ‘ஜிம்போ’. அண்ணன் பெயர் தன் வயிற்றில் அழுந்த அழுந்தத்தான் தம்பி வாசிக்கக் கற்றுக்கொண்டான். பின்னாளில் கைமாறிப் போன அந்தக் கிடார் 2018இல் இரண்டரை லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. எலெக்ட்ரிக் கிடாரில் ப்ளூஸ் வாசிப்பதற்கு வழி போட்ட கறுப்பினக் கலைஞர் டி-போன் வாக்கர் வளர்ந்ததும் இதே ஓக் கிளிஃப்பில்தான். 1929இல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டில் ஊர்ப்பெயரும் சேர்ந்தே இருந்தது: ‘ஓக் கிளிஃப் டி-போன்’. ஆனால் நிறவெறி ஊரை இரண்டாகப் பிளந்து வைத்திருந்த காலம். அடுத்த தெருவில் பிறந்த இசை இந்த வெள்ளைக்காரத் தொழிலாளியின் வீட்டுக்கு நடந்து வர முடியவில்லை. இரவு வானொலி வழியாகவும் இசைத்தட்டு வழியாகவும் சுற்றிக்கொண்டு வந்தது.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு டல்லாஸ் வரை போக வேண்டாம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் எடுக்க இங்கே வந்த பிறகு, மேட்டில் வெள்ளை அதிகாரிகளின் பங்களாக்களும் கிளப்பும் எழுந்தன. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் பாட்டன்களுக்கு லைன் வீடுகள். அங்கே பியானோவும் நடனமும். இங்கே பறையும் தெருக்கூத்தும் சாவுப்பாட்டும். தங்கம் ஒன்றுதான் இரண்டு பக்கத்துக்கும் பொது, அதையும் எடுத்தவன் வைத்துக்கொள்ளவில்லை. மிசிசிப்பியின் பருத்திக் காட்டிலும் அதேதான் நடந்தது. அங்கே குனிந்து உழைத்தவர்கள் எழுப்பிய குரலில் இருந்துதான் ப்ளூஸ் வளர்ந்தது.

அப்படியானால் இந்த வெள்ளைச் சகோதரர்களுக்கு அதில் என்ன உரிமை? இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் இந்தப் படத்தைப் பார்க்கக்கூடாது. பலர் அந்த இசையை எடுத்துக்கொண்டு, கொடுத்தவர் பெயரை விழுங்கினார்கள். வான் சகோதரர்கள் விழுங்கவில்லை, அதுதான் என் பதில். ஸ்டீவியின் 1983ஆம் ஆண்டு ஆல்பமான ‘டெக்சாஸ் ஃபிளட்’ தலைப்பையே கறுப்பினக் கலைஞர் லாரி டேவிஸின் 1958ஆம் ஆண்டுப் பாடலிலிருந்து பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் கனடாவில் ஒரு தொலைக்காட்சி அரங்கில் மூத்த கறுப்பின ப்ளூஸ் கலைஞர் ஆல்பர்ட் கிங்கின் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் ஸ்டீவியைப் பாருங்கள். நட்சத்திரமாகிவிட்டவன் மாணவனாகவே உட்கார்ந்திருக்கிறான். 1984இல் ப்ளூஸ் உலகின் டபிள்யூ.சி. ஹாண்டி விருதுகளில் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதைப் பெற்ற முதல் வெள்ளையர் அவர்.

தம்பியின் வாசிப்பு வெள்ளம். தடித்த கம்பிகளை வளைத்து வளைத்து விரல் நுனி கிழிய, பசை போட்டு ஒட்டிக்கொண்டு வாசித்தவர். அண்ணனோ நான்கு சுரம் வாசிக்கும் இடத்தில் இரண்டோடு நிறுத்துவார். எனக்கு அண்ணனைத்தான் கூடுதலாகப் பிடிக்கிறது. வாசிக்காமல் விட்ட இடத்தில் பாட்டு மூச்சு விடுகிறது.

போதையிலிருந்து 1986இல் மீண்டு வந்த ஸ்டீவி, அண்ணனோடு சேர்ந்து ‘ஃபேமிலி ஸ்டைல்’ ஆல்பத்தை முடித்தார். அது கடைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பு, 1990 ஆகஸ்ட் 26 இரவு, விஸ்கான்சினில் எரிக் கிளாப்டன், பட்டி கய், ராபர்ட் க்ரே ஆகியோருடன் சகோதரர்கள் இருவரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். நள்ளிரவுக்குப் பின் ஸ்டீவியோடு பனிமூட்டத்தில் கிளம்பிய ஹெலிகாப்டர் குன்றில் மோதியது. அதில் இறந்த ஸ்டீவிக்கு 35 வயது. அப்பா இறந்ததும் ஓர் ஆகஸ்ட் 27இல்தான், நான்கு ஆண்டுகளுக்கு முன். அன்று மேடையில் இருந்த பட்டி கய் 2011இல் மும்பையின் மகிந்திரா ப்ளூஸ் விழாவில் வாசித்தார். அவ்வளவு அருகே வந்தது அந்த இசை.

நம் பாட்டு எங்கே போனது? அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழை 1926இல் மீண்டும் கொண்டுவந்தது இந்தத் தங்கவயல், நம் அப்பாதுரையார். எழுத்தை அச்சேற்றிக் காத்த ஊர் இது. சுரங்கத்துக்குள் ஷாஃப்டில் கேஜ் இறங்கும்போது பாடியதையும், பாறை வெடித்து இறந்தவனுக்கு லைனில் பாடியதையும் யாரும் அப்படிக் காக்கவில்லை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபோது இளைஞர்களாக இருந்தவர்களுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. அவர்களின் அண்ணன்மார் சிலர் ஆண்டர்சன்பேட்டையிலும் மாரிக்குப்பத்திலும் இன்னும் இருக்கிறார்கள். ஒருவர் பாடத் தொடங்கினால் இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். இந்தத் தொடரைப் படிக்கும் தங்கவயல் பிள்ளைகள் இந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தாவை உட்கார வைத்து, கையில் இருக்கும் செல்போனில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், எந்த லைன், எந்த ஷாஃப்ட் என்பதையும் அவர் வாயாலேயே முதலில் சொல்ல வையுங்கள்.