பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது: தொலைநிலைப் படிப்பும் அங்கீகாரமும்



சென்ற முறை கல்வி உதவித்தொகைக்கான நேர்காணல் நடந்தபோது ஒரு சகோதரி தன் மூன்று வருட மதிப்பெண் பட்டியல்களை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தார். பி.ஏ. முடித்துவிட்டார். பி.எட். சேர உதவி கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார். ஆனால் கல்லூரியில் சான்றிதழைப் பார்த்தவர்கள், "நீங்கள் சேர்ந்த வருடத்தில் இந்தப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புக்கு அனுமதியே இல்லையே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

"சென்டர்ல அங்கீகாரம் இருக்குன்னு லெட்டரே காட்டுனாங்க மாமா" என்றார். அந்தக் கடிதத்தின் நகலையும் பத்திரமாக வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தோம். போலிக் கடிதம் அல்ல, உண்மையான கடிதம்தான். ஆனால் அதில் கொடுத்திருந்த அனுமதி, அவர் சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பே முடிந்து போயிருந்தது. கடைசிப் பத்தியில் அது எழுதியும் இருக்கிறது. ஆங்கிலத்தில் மூன்று பக்கம் உள்ள கடிதத்தின் கடைசிப் பத்தியை யார் படிக்கிறார்கள்?

கணவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் மிச்சம் பிடித்தும், ஒரு ஜோடி வளையலை அடகு வைத்தும் கட்டிய கட்டணம் அது. பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு இரவில் படித்த படிப்பு. பணத்தைக்கூட ஒரு வகையில் சம்பாதித்துவிடலாம். போன மூன்று வருடத்தை யார் கொடுப்பது? அவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்தபோது தோன்றியதுதான் இந்தக் கட்டுரை.

நம் வீடுகளில் தொலைநிலைக் கல்வியை நம்பி இருப்பவர்கள் அதிகம். பத்தாவதோடு நின்று கடைக்குப் போன தம்பி, பன்னிரண்டாவது முடித்ததும் நிக்காஹ் ஆன சகோதரி, கப்பலிலும் வளைகுடாவிலும் வேலை பார்த்துக்கொண்டே ஒரு டிகிரி முடித்தால் சம்பளம் கூடும் என்று நினைக்கும் மச்சான்மார்கள். நேரடியாகக் கல்லூரிக்குப் போக முடிந்தவர்கள் போவதுதான் நல்லது. பெண் பிள்ளைகளுக்கு பள்ளத்தூரிலேயே சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி இருக்கிறது. போக முடியாதவர்களுக்குத் தொலைநிலைக் கல்வி ஒரு நல்ல வழி. அதில் எந்தக் குறையும் இல்லை. முறையான அனுமதியோடு நடக்கும் தொலைநிலைப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யூஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரிலும் தெளிவாக அறிவித்திருக்கிறது. சிக்கல் எல்லாம் அந்த "முறையான அனுமதி" என்ற சொல்லில்தான்.

பெரும்பாலோர் கேட்கும் கேள்வி, "இது நல்ல யுனிவர்சிட்டியா?" என்பது. கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. இந்தப் படிப்பை, தொலைநிலையில், நான் சேரும் இந்த வருடத்தில் நடத்த அவர்களுக்கு அனுமதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பதும், அது நடத்தும் தொலைநிலைப் படிப்புக்கு அங்கீகாரம் இருப்பதும் இரண்டு வேறு விஷயங்கள்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1929-இல் தொடங்கியது. தபால் வழிக் கல்வி என்றாலே ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவுக்கு வந்த பெயர் அது. இந்த வட்டாரத்திலும் அங்கே தபாலில் படித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அனுமதி கொடுத்திருந்தோம், அதன் பிறகு கொடுக்கவில்லை என்று 2022 மார்ச்சில் யூஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டது. இடைப்பட்ட வருடங்களிலும் சேர்க்கை நடந்துகொண்டுதான் இருந்தது. பின்னர் அப்பல்கலைக்கழகம் பாடப்பிரிவுகளுக்கு அனுமதி பெற்றுவிட்டது. ஆனால் பின்னால் வந்த அனுமதி முன்னால் சேர்ந்தவர்களுக்குத் தானாகவே பொருந்திவிடாது. அவ்வளவு பெரிய, அரசே நடத்துகிற பல்கலைக்கழகத்துக்கே இந்த நிலை என்றால், பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இன்னொன்று இதைவிடக் கடுமையானது. 2017 நவம்பர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் பொறியியல் பட்டம் கொடுத்திருந்தன. அவற்றில் ஒன்று நம் மாநிலத்தில் சேலத்தில் உள்ள விநாயகா மிஷன். முன் அனுமதி இல்லாமல் நடத்திவிட்டுப் பிறகு வாங்கிய அனுமதி செல்லாது என்றது நீதிமன்றம். 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் நடத்தும் தேர்வை எழுதித் தேறினால்தான் அவை திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாகின. யோசித்துப் பாருங்கள்: பதினைந்து வருடம் வேலை பார்த்து, பதவி உயர்வும் வாங்கி, நாற்பது வயதைத் தாண்டியவர் மறுபடி பரீட்சை ஹாலில் போய் உட்கார வேண்டியதாயிற்று.

இனி, எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருவோம்.

யூஜிசியின் கீழ் தொலைநிலைக் கல்விப் பணியகம் என்று ஒன்று இருக்கிறது. சுருக்கமாக டெப் என்பார்கள். முன்பு தொலைநிலைக் கல்விக் கவுன்சில் என்று தனியாக இருந்தது. 2013-இல் அது கலைக்கப்பட்டு பொறுப்பு யூஜிசிக்கு வந்தது. யாராவது இன்னமும் அந்தப் பழைய கவுன்சிலின் கடிதத்தைக் காட்டி அங்கீகாரம் என்றால், அப்போதே எழுந்து வந்துவிடலாம். டெப்பின் இணையதளத்தில், டெப் டாட் யூஜிசி டாட் ஏசி டாட் இன் என்ற முகவரியில், எந்தப் பல்கலைக்கழகம் எந்தக் கல்வியாண்டில் எந்தெந்தப் படிப்பை நடத்தலாம் என்ற பட்டியல் இருக்கிறது. பட்டியலைத் திறந்து மூன்றைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா? நீங்கள் சேரும் ஆண்டும் பருவமும் அதில் அடங்குகிறதா? உங்கள் படிப்பின் பெயர் அதே பெயரில் இருக்கிறதா? பி.காம். இருப்பதால் பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷனும் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பக்கத்தை அன்றைய தேதியோடு பிரிண்ட் எடுத்து, கட்டண ரசீதோடு சேர்த்துப் பைலில் வையுங்கள். பத்து வருடம் கழித்து எந்த அலுவலகத்திலாவது கேள்வி வந்தால் அந்தக் காகிதம் பேசும்.

2024 செப்டம்பர்-அக்டோபர் பருவத்திலிருந்து இன்னொரு நல்ல ஏற்பாடும் வந்திருக்கிறது. தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேருகிற ஒவ்வொரு மாணவரும் முதலில் ஏபிசி ஐடி எடுத்து, அதை வைத்து டெப் இணையதளத்தில் டெப் ஐடி உருவாக்க வேண்டும். அந்த எண் இல்லாமல் சேர்க்கை கிடையாது. இதை நீங்களே, உங்கள் சொந்த மொபைல் நம்பரில் செய்யுங்கள். "ஆதாரைக் கொடுத்துவிட்டுப் போங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சென்டரில் சொன்னால் விடாதீர்கள். "டெப் ஐடி எல்லாம் தேவையில்லை" என்று சொன்னால் இன்னும் உஷாராகுங்கள்.

சென்டர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடைக்கு மேல் மாடியில் போர்டு மாட்டி நாலைந்து பல்கலைக்கழகங்களின் பெயரைப் போட்டிருக்கும் இடங்களைப் பார்த்திருப்பீர்கள். கற்றல் உதவி மையத்தை இப்படிக் கமிஷனுக்குக் கிளை கொடுப்பதுபோல் கொடுக்க யூஜிசி விதிகள் அனுமதிப்பதில்லை. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று தன் மாநிலத்துக்கு வெளியே தொலைநிலை மையம் நடத்தவும் முடியாது. ஆன்லைன் பட்டத்துக்குத்தான் அந்த எல்லை இல்லை. ஆகவே வடமாநிலப் பல்கலைக்கழகத்தின் "ஸ்டடி சென்டர்" நம் பக்கத்தில் இருக்கிறது என்றால் அதுவே ஒரு கேள்விக்குறி. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. விண்ணப்பம் நிரப்ப உதவுகிற நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பணத்தை பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே கட்டி ரசீதை அங்கிருந்தே வாங்குங்கள். "ஒரே வருடத்தில் டிகிரி", "பழைய தேதியில் சேர்த்துவிடுகிறோம்" என்ற பேச்சு வந்தால் அது படிப்பு அல்ல, வழக்கு.

போஸ்டரில் பெரிய எழுத்தில் வரும் "அரசுப் பதிவு பெற்றது", "ஐஎஸ்ஓ தரச்சான்று" என்பவற்றுக்கும் பட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. நம் டிரஸ்டும் அரசிடம் பதிவு பெற்றதுதான். அதற்காக நாம் பி.ஏ. பட்டம் கொடுக்க முடியுமா? மத்திய அல்லது மாநிலச் சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றச் சட்டத்தால் அதிகாரம் பெற்ற நிறுவனம், இவற்றுக்குத்தான் பட்டம் கொடுக்கும் உரிமை என்று 1956-ஆம் ஆண்டின் யூஜிசி சட்டம் சொல்கிறது. மற்றவற்றைப் போலிப் பல்கலைக்கழகங்கள் என்று யூஜிசி பட்டியலே போட்டு வைத்திருக்கிறது. திருச்சி புத்தூரில் இருந்த ஒரு சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் நெடுங்காலம் இருந்தது. கோழிக்கோடு அருகே குந்தமங்கலத்தில் நபிவழி மருத்துவத்துக்கான சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒன்றும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. பெயரில் இஸ்லாம் இருக்கிறது என்பதற்காக விசாரிக்காமல் இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

சில படிப்புகளைத் தொலைநிலையில் யார் நடத்தினாலும் செல்லாது. பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம், விவசாயம், கட்டடக்கலை போன்றவை அப்படி. பி.எச்டி.யும் அப்படியே. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல் ஆகியவையும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டன. பழைய நோட்டீஸைக் காட்டி இவற்றில் சேர்க்கப் பார்ப்பார்கள், கவனம். தொலைநிலை பி.எட். இருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே நேரடியாக ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும், பயிற்சி பெற்றுப் பணியில் இருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும்தான். டிகிரி முடித்த எல்லோரும் வீட்டிலிருந்தே பி.எட். படித்துவிடலாம் என்பது தவறான பேச்சு.

அரசு வேலையை மனதில் வைத்திருப்பவர்கள் படிப்பின் வரிசையையும் பார்க்க வேண்டும். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் பிளஸ் டூ இல்லாமலேயே ஆயத்தப் படிப்பு ஒன்றை முடித்துப் பட்டத்தில் சேரும் வழி உண்டு. அறிவுக்காகப் படிப்பவருக்கு அது சரி. ஆனால் பத்தாவது, பன்னிரண்டாவது, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் திறந்தநிலைப் பட்டம் தமிழக அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என்று 2009-இல் வந்த அரசாணை 107 சொல்கிறது. அதே வருடம் பிப்ரவரியில், அடிப்படைப் பட்டம் இல்லாமல் நேரடியாக வாங்கிய எம்.ஏ. பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. எனவே பிளஸ் டூ விட்டுப்போனவர்கள் முதலில் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் தனித்தேர்வராகவோ, தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ அதை முடித்துவிடுங்கள். ஒரு வருடம் போனாலும் அடித்தளம் உறுதியாக இருக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சோதனை இன்னும் கூடுதல். பட்டச் சான்றிதழ் மாநில அரசு, வெளியுறவுத் துறை, அந்தந்த நாட்டுத் தூதரகம் என்று அட்டெஸ்டேஷனுக்குப் போகும்போது, சான்றிதழ் உண்மைதானா, எந்த முறையில் படித்தது என்று பல்கலைக்கழகத்திடமே எழுத்து மூலம் கேட்கப்படுவது உண்டு. விசாவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அந்தப் பதில் சரியாக வராவிட்டால் டிக்கெட் பணத்தோடு வேலையும் போய்விடும். பட்டம் இங்கே செல்லும் என்பதற்காக எல்லா நாட்டிலும் எல்லா வேலைக்கும் செல்லும் என்றும் எண்ண வேண்டாம். சேரும் முன்பே கம்பெனியின் எச்.ஆரிடம் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பக்கத்திலேயே நமக்கு வழி இருக்கிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் 1992 முதல் தொலைநிலைக் கல்வி நடத்தி வருகிறது. பஸ் ஏறினால் நேரிலேயே போய்க் கேட்டுவிடலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இக்னோவின் மண்டல மையம் மதுரையில் இருக்கிறது. இவற்றிலும்கூட நீங்கள் சேரும் பருவத்துக்கு உங்கள் படிப்பு பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே சேருங்கள்.

ஏற்கெனவே சேர்ந்து சந்தேகத்தில் இருப்பவர்கள் அடுத்த வருடக் கட்டணத்தைக் கட்டும் முன்பு, நீங்கள் சேர்ந்த ஆண்டின் பட்டியலைப் பாருங்கள். தெளிவு கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி யூஜிசிக்கு எழுதலாம். கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் தர வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர், படிப்பு, சேர்ந்த மாதம், ஆண்டு எல்லாவற்றையும் குறிப்பிட்டு, "இதற்கு அனுமதி இருந்ததா" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். அந்தச் சகோதரிக்காகவும் அப்படி ஒரு மனு எழுதி அனுப்பியிருக்கிறோம். துஆச் செய்யுங்கள்.

இந்த வருடம் முதல் நம் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் தொலைநிலை மாணவர்கள், டெப் பட்டியலின் பிரிண்டையும் டெப் ஐடியையும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். இணையத்தில் பார்க்கத் தெரியாதவர்கள் சேருவதற்கு முன்பே ஆதாரோடும் மொபைலோடும் அலுவலகத்துக்கு வந்தால், உட்கார்ந்து பார்த்துக் கொடுக்க நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெண்கள் தங்கள் அத்தாவையோ அண்ணன் தம்பியையோ அழைத்து வரலாம், தனியாகவும் வரலாம். அரை மணி நேர வேலைதான்.