தலையணையை மாற்றினால் முகத் துடிப்பு நிற்குமா?

பெண்களுக்கு இடது கண் துடித்தால் நல்லது, ஆண்களுக்கு வலது கண் துடித்தால் நல்லது என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். நான்கு நாள் துடித்து நின்றுவிட்டால் கவலை இல்லை. தூக்கமின்மை, களைப்பு, அளவுக்கு மீறிய காபி போன்றவையே பெரும்பாலும் காரணம்.

ஆனால், துடிப்பு மாதக்கணக்கில் நீடித்து, அதே பக்கத்துக் கன்னம், வாயோரம் என்று பரவினால் அது 'ஹெமிஃபேஷியல் ஸ்பாஸம்' ஆக இருக்கலாம். 40 வயதைக் கடந்தவர்களிடம், அதிலும் பெண்களிடம் இது அதிகம். மூளைத்தண்டிலிருந்து முக நரம்பு வெளிவரும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதை அழுத்துவதே பெரும்பாலும் காரணம். தூங்கும்போதுகூட இந்தத் துடிப்பு தொடரலாம்.

தலையணையின் பங்கு என்ன?

அழுத்தம் இருப்பது மண்டை ஓட்டுக்குள். எந்தத் தலையணையாலும் அதை விலக்க முடியாது. ஆனால், தூக்கம் கெட்டால் துடிப்பு கூடும். கழுத்து வலித்தால் தூக்கம் கெடும். தலையணை உதவுவது இந்த வழியில்தான்.

* மல்லாந்து படுப்பவர்களுக்குத் தாழ்வான தலையணை போதும். முகவாய் நெஞ்சை நோக்கி மடங்கக் கூடாது.
* ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் தேவை.
* குப்புறப் படுத்தால் கழுத்து இரவெல்லாம் திரும்பியே இருக்கும், முகமும் அழுந்தும். தவிர்ப்பது நல்லது.
* இலவம்பஞ்சுத் தலையணை கட்டிதட்டிப் போயிருந்தால் பஞ்சை மாற்றுங்கள்.

துடிக்கும் பக்கமாகப் படுத்தால் தொந்தரவு கூடுகிறதா? இரண்டு வாரம் பக்கம் மாற்றிப் படுத்து, தினமும் காலையில் குறித்து வையுங்கள். எந்தப் பக்கம் சுகமோ, அதுவே உங்களுக்கு ஏற்றது.

மருத்துவரிடம் எப்போது?

சில வாரங்களைத் தாண்டினாலோ, கன்னத்துக்குப் பரவினாலோ நரம்பியல் நிபுணரைப் பாருங்கள். துடிக்கும்போது செல்போனில் வீடியோ எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முன்னால் அது துடிக்காமலே போகலாம். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். போட்டுலினம் ஊசி சுமார் மூன்று மாதம் துடிப்பை அடக்கும். பிறகு மீண்டும் போட வேண்டும். ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கி வைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு.

திடீரென முகம் ஒரு பக்கம் தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் வலுவிழந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

விதவிதமான தலையணைகளை வாங்கிப் பார்த்தே வருடங்களைக் கழிக்காதீர்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது.