சாத்தான் தனியாக நிற்கும்போது

அச்சன்புதூர் டீக்கடையில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிற பையன் ஒருவன் கேட்டான்: "சாத்தான்தான் ஹீரோவான்னு கேள்வி வருது அண்ணாச்சி. கெட்டவனைப் போயி எப்படி ஹீரோன்னு எழுத?" சாரல் நேரம், போக அவசரமில்லை. இன்னொரு டீ சொல்லிவிட்டு விளக்கினேன்.

மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' 1667இல் வெளிவந்தது. கண்பார்வை போன பிறகு அவர் வாயால் சொல்ல, மற்றவர்கள் எழுதிய காவியம். முதல் காண்டத்தில், கடவுளிடம் தோற்று நரகத்தில் விழுந்து கிடக்கும் சாத்தான் எழுந்து பேசுகிறான். தோற்றும் பணியாத பேச்சு. அவன் தோளில் தொங்கும் கேடயம், கலிலியோ தொலைநோக்கியில் கண்ட நிலா அளவுக்குத் தெரிகிறது. யாருக்கும் மயக்கம் வரத்தான் செய்யும். மில்டன் தன்னை அறியாமலே சாத்தான் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று கவிஞர் வில்லியம் பிளேக்கே சொன்னார்.

ஒரு பாத்திரம் வீரம் பேசினால், அதை யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். நரகத்தில் பக்கத்தில் கூட்டாளி கிடக்கிறான், சுற்றிலும் தோற்ற படை. அந்த முதல் பேச்சு முடிந்ததுமே கவிஞர் குறுக்கிட்டு, வாய் இப்படிப் பேசினாலும் உள்ளே விரக்தி வதைக்கிறது என்கிறார். நான்காம் காண்டத்தில் சாத்தான் தனியாக நிற்கிறான். அப்போது உண்மை வருகிறது: கடவுள் தனக்குத் தீங்கு எதுவும் செய்யவில்லை, கெடுத்தது தன் செருக்குத்தான். திரும்பிப் போகலாமா என்றுகூட யோசிக்கிறான். ஆனால் படையிடம் அவ்வளவு பேசிவிட்டானே, இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அதே காண்டத்தில், உறங்கும் ஏவாளின் காதோரம் தேரையாகக் குந்தியிருக்கிறான். நிலா அளவு கேடயம் சுமந்தவன்!

பையனுக்கு இது பிடிபட்டது. காரணம், அவனுக்குக் கம்பனின் கும்பகருணனைத் தெரியும். சீதையை விட்டுவிடு என்று அண்ணனிடம் சொல்லிப் பார்த்தவன். கேட்காதபோதும் சோறிட்டவனுக்காகப் போருக்குப் போனவன். வீடணன் வந்து அழைத்தும் வரவில்லை. சாகும் தறுவாயில், மூக்கறுந்த என் தலையைக் கடலில் போட்டுவிடு, தம்பியைக் காப்பாற்று என்று இராமனிடமே கேட்கிறான். அவன் நின்ற பக்கம் தப்பு. ஆனாலும் அவன் வாயில் சவடால் இல்லை, அதனால்தான் மனம் அவன் பக்கம் சாய்கிறது.

கம்பனையும் மேலைக் காவியங்களையும் இப்படி ஒன்றாக வைத்து நிறுத்துப் பார்த்தவர் வ.வே.சு. ஐயர். பெல்லாரிச் சிறையில் இருந்தபோது கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோருடன் கம்பனை ஒப்பிட்டு, கம்பனே மேல் என்று வாதாடினார். நூல் 1950இல்தான் டில்லித் தமிழ்ச் சங்கம் வழியாக வெளிவந்தது. அவர் இறந்ததும் நம் ஊர்ப் பக்கத்தில்தான். தென்காசிக்குத் தெற்கே, இதே மலையடிவாரத்தில் உள்ள பாபநாசத்தில், 1925 ஜூனில், தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்ட மகள் சுபத்திரையைக் காப்பாற்றக் குதித்து அவரும் போனார். அவருடைய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே சோறு போட்டதும், அதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கிளம்பியதும் அதே காலத்தில் நடந்தவைதான். ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க எனக்கு மனமில்லை. மனிதரையும் பாத்திரத்தையும் முழுசாகப் படிப்பது என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்தே பார்க்க வேண்டும்.

அப்படியானால் மில்டனில் ஹீரோ யார்? ஆதாமா, தேவகுமாரனா என்று புத்தகங்கள் சண்டை போடும். என் மனம் போவது அப்தியேல் என்ற சின்னப் பாத்திரத்திடம். சாத்தான் தேவதூதர்களைக் கூட்டிக் கலகம் பேசும்போது, அத்தனை பேர் நடுவே எழுந்து 'இது தப்பு' என்று சொல்பவன் இவன் ஒருவன்தான். எல்லாரும் இளக்காரம் செய்ய, அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே நடந்து வெளியேறுகிறான். சாத்தான் கூட்டத்தை நம்பிப் பேசினான். இவன் கூட்டத்தை எதிர்த்துப் பேசினான்.

"வீடணன் மாதிரில்லா இருக்கு!" என்றான் பையன்.

அதைத்தான் எழுதச் சொன்னேன். ஐந்தாம் காண்டத்தின் கடைசிப் பகுதியை வாசித்துவிட்டு, கம்பனில் வீடணன் அடைக்கலப் படலத்தை எடுக்க வேண்டும். வீடணன் போய்ச் சேர ஓர் இராமன் இருந்தான், கிடைக்க ஒரு முடியும் இருந்தது; அப்தியேலுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது, முடி இல்லை. இருவரும் ஒன்றா என்பதை அதற்குப் பிறகு அவன் முடிவு செய்யட்டும்.