கனவான்களின் ஆட்டமும் ஜீவனமும்

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சங்கமித்துக் களனி கங்கையென்று பெயர்பெறும் பொல்பிட்டியப் பகுதியிலிருந்து மலையேறிச் செல்பவர்கள், டிக்கோயாவை அடுத்த தரவளையில், தோட்டத் துரைமார் கோப்பிக் காலத்திலேயே, 1868ஆம் ஆண்டில், தமக்கென நிறுவிக்கொண்ட டிக்கோயா மஸ்கெலியாக் கிரிக்கெட் கழகத்தின் மைதானத்தைக் காணலாம். ஓய்வுநாளில் விநோதார்த்தமாக ஆடிய அந்தக் கனவான்கள், பந்து மட்டையோடு சேர்த்து, விளையாட்டுக்குக் கூலி பெறுவது கௌரவக் குறைவு என்னும் மனோபாவத்தையும் நாட்டுக்கு விட்டுச் சென்றார்கள். ஜீவனத்துக்கு வேறு வழியுள்ளவனுக்கே அந்தக் கௌரவம் கட்டுப்படியாகும்.

1981இல் டெஸ்ட் அந்தஸ்து பெற்று, மறு ஆண்டு பெப்ரவரியில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்தை எதிர்கொண்டபோதும், இலங்கை வீரர் பலருக்கு ஆட்டம், வங்கியிலோ வர்த்தக ஸ்தாபனத்திலோ உத்தியோகம் பார்த்து எஞ்சிய பொழுதிற் செய்யும் உபதொழிலாகவே இருந்தது. அந்த 1982இன் இறுதியிலேயே, முதல் டெஸ்டின் தலைவரான பந்துல வர்ணபுர உட்பட ஒரு குழுவினர் பணத்துக்காகத் தென்னாப்பிரிக்கா சென்று, 25 ஆண்டுத் தடைக்கு ஆளாயினர். நிறவெறி அரசாண்ட தேசத்தின் காசைத் தொட்டது தவறே. ஆயினும், நாட்டின் பெயரைச் சுமக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் குடும்பம் எதைக்கொண்டு நடக்கும் என்று கேளாதிருந்தவர்களையும் அந்தத் தவற்றின் பங்காளிகளாகவே கருதுகிறேன்.

மாறுதல் 1995இல் வந்தது. கொழும்பிற் பிறந்து ஆஸ்திரேலியாவுக்காக ஆடிய டேவ் வட்மோர் பயிற்றுநராகவும், அலெக்ஸ் கொன்தூரி உடற்சிகிச்சை நிபுணராகவும் பொறுப்பேற்றனர். அவ்வாண்டு அரவிந்த டி சில்வா இங்கிலாந்தின் கென்ட் அணிக்குச் சம்பள வீரராக ஆடி, அன்றாடம் களமிறங்குவோனுக்கு வேண்டிய நியமத்தைப் பழகித் திரும்பினார். தேகப்பயிற்சியும், களத்தடுப்பும், காயத்துக்கு உரிய காலத்திற் சிகிச்சையும் வீரனுடைய சொந்தச் சிரத்தையைப் பொறுத்திருந்த நிலை போய், அணியின் நித்திய கடமையாயின. 1996 மார்ச் 17 அன்று லாகூரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்றபோது அரவிந்த அடித்த 107 ஓட்டங்களை யாவரும் நினைவு கூர்கிறார்கள்; அதற்கு முந்திய பிரயாசையை நினைப்பவர் சிலரே.

அந்த மாறுதல் மலையகத் தோட்டங்களை இன்னும் எட்டவில்லை. கண்டியிற் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் தேர்ச்சி பெற்று, 2010இல் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்திய முத்தையா முரளிதரனை மலையகத்தார் தம்மவரென்று கொண்டாடுவது நியாயமே. ஆனால் அவருக்கு நல்ல கல்லூரியும் மைதானமும் பயிற்றுநரும் வாய்த்தன. லயத்துச் சிறுவனோ, கையிலிருந்து பந்து நன்றாகத் திரும்பத் தொடங்கும் வயதில், பெரும்பாலும் கொழும்புக் கடையொன்றுக்கு வேலைக்குப் போய்விடுகிறான். ஹட்டனை மையமாகக் கொண்டு, முழுநேரச் சம்பளம் பெறும் பயிற்றுநர் ஒருவரை நியமித்து, தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்குப் போசாக்குணவும் உபகாரச் சம்பளமும் வழங்கக் கிரிக்கெட் நிறுவனத்தாரும் தோட்டக் கம்பெனியாரும் முன்வர வேண்டும். ஆண்டுக்கொரு முறை சீருடையும் கேடயமும் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்ளும் தர்மம் இனிப் போதாது.