சின்ன ராக்கெட்டுக்குக் கடல் எதற்கு?

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம் பக்கம் திரும்பும் லாரிகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்ரீபெரும்புதூர் வரை உள்ள தொழிற்சாலைகளுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் அந்தக் கனத்த வண்டிகள் எப்படித் திரும்புகின்றன? சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வுதான் அவற்றை வளைத்துக் கொண்டு போகிறது. மழைச் சேற்றில் உராய்வு குறைந்தால் வண்டி திரும்பாமல் நேரே வழுக்கிவிடும்.

வானத்தில் சாலை ஏது? ராக்கெட் திசை திரும்ப வேண்டுமானால் அதற்கும் எரிபொருளைத்தான் எரித்தாக வேண்டும். பெரிய ராக்கெட் இந்தச் செலவைத் தாங்கும். சின்ன ராக்கெட் தாங்காது. திரும்பாமலே போகக் கூடிய இடம் எது என்று தேடியவர்களில் சிலர், கடலின் நடுவே மேடை கட்டினார்கள். அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

பூமி தரும் இனாம்

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. பூமத்திய ரேகையில் உள்ள ஒரு பொருள் இந்தச் சுழற்சியால் வினாடிக்கு 465 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. மற்ற இடங்களில் இந்த எண்ணை அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் வண்டிக்காக அசையாமல் நிற்கும் நீங்களும் வினாடிக்குச் சுமார் 453 மீட்டர் கிழக்கே போய்க் கொண்டுதான் இருக்கிறீர்கள்! கிழக்கு நோக்கி ஏவப்படும் ராக்கெட்டுக்கு இந்த வேகம் இனாம். ரோம் நகரில் இது 346 மீட்டர். ஸ்ரீஹரிகோட்டாவில் 452 மீட்டர்.

அப்படியானால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பூமத்திய ரேகைக்குப் போனால் லாபம் வெறும் 13 மீட்டர்தானா? வேகத்தில் அவ்வளவுதான். உண்மையான லாபம் திசையில் இருக்கிறது. செயற்கைக் கோளின் பாதை பூமியின் மையத்தைச் சுற்றியே அமையும். ஆகவே 13.7 பாகை அட்சரேகையிலிருந்து நேராக ஏவினால் அப்பாதை பூமத்திய ரேகைக்குக் குறைந்தது 13.7 பாகை சாய்ந்தே இருக்கும். அந்தச் சாய்வை விண்வெளியில் நிமிர்த்த என்ன செலவாகும்? திசையன் முக்கோணம் வரைந்து பாருங்கள். வேகம் மாறாமல் 60 பாகை திரும்ப, அந்த வேகம் முழுவதையும் மீண்டும் ஒரு முறை ஈட்ட வேண்டும். வினாடிக்கு 7.6 கி.மீ. வேகத்தில் 13.7 பாகை திரும்ப மட்டும் சுமார் 1.8 கி.மீ. வேகத்துக்கான எரிபொருள் தேவை.

கடலில் ஊன்றிய கால்கள்

இதை உணர்ந்த இத்தாலிய விஞ்ஞானி லூயிஜி பிரோக்லியோ, கென்யா நாட்டின் மலிந்தி அருகே, இந்துமாக்கடலில் கால் ஊன்றி நிற்கும் சான் மார்கோ மேடையை அமைத்தார். பூமத்திய ரேகைக்குத் தெற்கே 3 பாகைக்கும் குறைவான தூரம். கிழக்கே திறந்த கடல். எரிந்து முடிந்த அடுக்குகள் யார் தலையிலும் விழா. கட்டுப்பாட்டு அறை, சான்டா ரீட்டா என்ற வேறொரு மேடையில் இருந்தது.

1967 ஏப்ரல் 26 அன்று இங்கிருந்து சான் மார்கோ-2 செயற்கைக் கோள் ஏறியது. 1970 டிசம்பர் 12, கென்யாவின் சுதந்திர நாள். அன்று ஏவப்பட்ட கோளுக்கு, சுவாகிலி மொழியில் விடுதலை என்று பொருள்படும் 'உகூரு' என்ற பெயர் கிடைத்தது. அது எக்ஸ் கதிர் வானியலுக்கென்றே அமைந்த முதல் செயற்கைக் கோள். பூமத்திய ரேகையை ஒட்டிய பாதையில் மின்னேற்றத் துகள்களின் தொல்லை குறைவு என்பதால் அதன் கருவிகள் தெளிவாகப் பார்த்தன. 1988 வரை இம்மேடையிலிருந்து 9 செயற்கைக் கோள்கள் ஏவப்பட்டன.

ஒன்பதையும் சுமந்தது ஸ்கௌட் என்ற அமெரிக்க ராக்கெட். அதன் நான்கு அடுக்குகளும் திட எரிபொருளால் ஆனவை. 1980 ஜூலை 18 அன்று ரோகிணியை ஏற்றிச் சென்ற நம் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டும் அப்படித்தான். செயற்கை ரப்பர், அலுமினியத் தூள், ஆக்சிஜன் தரும் அம்மோனியம் பெர்குளோரேட் ஆகியவற்றைக் கெட்டி மாவு போலக் கலந்து உறைக்குள் வார்த்து இறுக விடுகிறார்கள். மேடையில் திரவம் நிரப்பும் தொட்டிகளும் குழாய்களும் வேண்டாம். இடம் குறைந்த கடல் மேடைக்கு இது மிகவும் ஏற்றது. 2019 ஜூன் 5 அன்று சீனா மஞ்சள் கடலில், மிதக்கும் மேடையிலிருந்து ஏவிய லாங் மார்ச்-11 ராக்கெட்டும் திட எரிபொருள் ராக்கெட்தான்.

குறையும் உண்டு. தீபாவளி ராக்கெட்டைப் போல, பற்றவைத்த பின் அணைத்து மீண்டும் கொளுத்த முடியாது. அதனால்தான் நமது எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் மூன்று திட அடுக்குகளுக்கு மேல், வேகத்தைத் திருத்தச் சிறிய திரவ எஞ்சின்களும் உண்டு.

ஒரு சதவிகிதம்

வேகம் சற்றே குறைந்தால் என்ன ஆகும்? 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. முதன்முதலாகப் பறந்தது. அதில் 75 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 750 மாணவியர் உழைப்பில் உருவான ஆசாதிசாட் இருந்தது. இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது எழுந்த அதிர்வால், உணர்கருவிகள் பழுதாகிவிட்டன என்று கணினி தவறாக முடிவு செய்தது. 356 கி.மீ. உயர வட்டப் பாதைக்குப் பதிலாக, ஒரு பக்கம் 76 கி.மீ. வரை தாழ்ந்த நீள்வட்டமே கிடைத்தது. வேகக் குறைவு ஏறத்தாழ ஒரு சதவிகிதந்தான்! ஆனாலும் காற்று மண்டலம் கோள்களை இழுத்துக் கொண்டது. மாணவியர் சோர்ந்துவிடவில்லை, 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 வெற்றியுடன் பாதையை அடைந்தது.

ஒரு சதவிகிதத்துக்கே இந்தப் பாடு என்றால், வழியில் வளைவது எவ்வளவு பெரிய செலவு! ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் குறுக்கே இலங்கை இருக்கிறது. எனவே துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட்டுகள் முதலில் தென்கிழக்கே சென்று, பிறகு தெற்கே வளைகின்றன. இந்த வளைவைத் தவிர்க்கத்தான் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் சின்ன ராக்கெட்டுகளுக்கென ஏவுதளம் அமைகிறது. அடிக்கல் நாட்டப்பட்ட நாள் 2024 பிப்ரவரி 28. தசராவுக்குப் பெயர் பெற்ற அந்தக் கரையே நமக்கு வாய்த்த கடல் மேடை!

உங்கள் பள்ளியில் உள்ள உலக உருண்டையை எடுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் நூலின் ஒரு முனையை வைத்து நேர் தெற்கே இழுங்கள். பின் குலசேகரப்பட்டினத்திலிருந்து இழுங்கள். இரண்டாவது நூல் எந்தக் கண்டத்தில் போய் முட்டுகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.